எறும்பு வருகிறதா

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனைக்குப் போய்விட்டு நேரே வேலைக்குப் போனேன். கல்லூரி நூலகத்தில் இன்று மூன்றே பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி மின்விசிறிக்காக வந்தவள். நாள் முழுவதும் ஒரே அலமாரியை அடுக்கிக் கலைத்து, திரும்பவும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

புரதம் ஏறியிருக்கிறது.

போன வருடம் தொண்டைவலியோடு ஒருநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. அப்படித்தான் இது தெரியவந்தது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தில் போய்ப் படிந்து, வடிகட்டியை ஓட்டையாக்குகிறதாம். ஓட்டை வழியே புரதம் ஒழுகுகிறது. இதற்கு ஒரு புது மாத்திரை நன்றாக வேலை செய்யுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. செப்டம்பரில் நானும் சேர்ந்தேன். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் டம்மி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

டாக்டர் நூருல் அமீன் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்கை, இன்னும் மூணு மாசம் பாப்போம். ஜூன்லயும் புரதம் ரெண்டு கிராமுக்கு மேல இருந்தா ஸ்டீராய்டு ஆரம்பிச்சிருவோம். அதுக்கு மேல வெயிட் பண்ணக்கூடாது. கிட்னியில தழும்பு விழுந்துச்சுன்னா விழுந்ததுதான்."

ஸ்டீராய்டு என்றால் முகம் உப்பும். நிலா முகம் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நோயின் பெயரை நூலகத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. முகத்தை எங்கே ஒளிப்பது?

காத்திருக்கும் இடத்தில் ஒச்சப்பன் அண்ணன் இருந்தார். உசிலம்பட்டியில் டீக்கடை வைத்திருக்கிறார். எனக்கிருக்கும் நோய்தான் அவருக்கும், அதே ஆராய்ச்சிதான்.

"என்ன தங்கச்சி, ஒங்களுக்கு ஒரிஜினலா, டம்மியா?"

"யாருக்குண்ணே தெரியும்?"

"எனக்குத் தெரியும். நமக்கு ஒரிஜினல்தேன். எறும்பு வருது."

"எங்க?"

"ஒண்ணுக்குப் போற எடத்துல. எம்பொண்டாட்டிதேன் பாத்தா. இந்த மாத்திரை சீனியை ஒண்ணுக்கு வழியாக் கீழ எறக்கிவிடும்னு நாம கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருந்துச்சுல்ல? சீனி எறங்குனா எறும்பு வரணும்ல? வருது!"

ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கும் ஜெசிந்தா சிஸ்டர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார். "அண்ணே, இந்தப் பேச்சே இங்க பேசக்கூடாது. வீட்டுல யூரின்ல சுகர் பாக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் என்ன ஆராய்ச்சி?"

"நான் எங்க சிஸ்டர் பாத்தேன்? எறும்பு பாத்துச்சு. அது ஒங்க பேப்பர்ல கையெழுத்துப் போடலையே."

சிஸ்டரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பேருந்தில் வரும்போதுதான் சிரிப்பு நின்று யோசனை வந்தது.

மார்ச் 4, செவ்வாய்

எறும்பு இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

ரசம், பீன்ஸ் பொரியல். எனக்கு உப்பில்லாமல் தனியாக. துணி ஊறவைத்தேன். அப்பா குளியலறையைக் கழுவினார். ஞாயிறு காலை அது அவருடைய வேலை. "வாரத்துக்கு ஒருநாள் பினாயில் போதும்ப்பா, ரொம்ப ஊத்தாதீங்க, வாசனை தலைவலிக்குது" என்று ஒரு பொய் சொன்னேன். பினாயில் வாசனைக்கு எறும்பு எப்படி வரும்?

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா அப்போது மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று மைக்கில் ஊருக்கே சொல்கிறவர், வீட்டில் சில விஷயங்களுக்கு வாயே திறக்க மாட்டார். மாதாமாதம் மருந்துக்கடைப் பொட்டலம் ஒன்று செய்தித்தாளில் சுற்றி என் அலமாரியில் இருக்கும். அவர் வைத்தார் என்று அவரும் சொன்னதில்லை, எடுத்துக்கொண்டேன் என்று நானும் சொன்னதில்லை. இப்படியே வளர்ந்துவிட்டேன். என் நோயைக்கூட "வயிறு சம்பந்தமானது" என்றுதான் அவர் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். சிறுநீரகம் என்ற சொல்லின் முதல் பாதி அவர் வாயில் வராது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வந்துவிட்டன!

பல் துலக்கும்போது பார்த்தேன். ஜன்னல் விளிம்பிலிருந்து சுவரோரமாக ஒரு மெல்லிய கோடு. முதலில் விரிசல் என்று நினைத்தேன். டார்ச்சை எடுத்து வந்து குனிந்தால் விரிசல் நகர்கிறது. சின்னச் சின்ன, சிவப்பும் பழுப்புமான எறும்புகள். கோடு நேராகக் கழிப்பறைப் பீங்கான் வரை போய் அங்கே கூட்டமாகிறது.

உட்கார்ந்துவிட்டேன். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. ஆனாலும் கும்பிடத் தோன்றியது.

அப்பா எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸோடு வந்தார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"விடுங்கப்பா. பாவம்."

"எறும்புக்கா?"

"எதையும் கொல்லக்கூடாதுன்னு ஒரு புத்தகத்துல படிச்சேன்."

"நேத்து கரப்பானைச் செருப்பால அடிச்சியே பாப்பா, அது வேற புத்தகமா?"

சாக்பீஸை என் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. மண்பானையைக் காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் அப்பா காலி செய்துவிடுகிறார். திரும்ப நிரப்புவது என் வேலையாகிவிட்டது. அக்னி நட்சத்திரம் வருவதற்குள்ளேயே இப்படி. அவருடைய பேண்டுக்கு இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஓய்வு பெற்றால் ஆண்கள் இளைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

என் செருப்பு வார் கணுக்காலில் பதிந்து பள்ளமாகிறது. பேருந்தில் நின்றுகொண்டே போவதால் இருக்கும். சிறுநீரில் புரத நுரையும் குறையவில்லை. உயரத்திலிருந்து விழுந்தால் எந்தத் தண்ணீரிலும் நுரை வரும்.

எறும்புகள் நலம்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். வருடா வருடம் விடியுமுன் கிளம்பிவிடும் அப்பா இந்த முறை போகவில்லை. "கால் அசருது பாப்பா, டிவியில பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனார். நான் தண்ணீர்ச் சொம்பை அவர் கைக்கெட்டும் இடத்தில் நகர்த்திவைத்தேன்.

மே 20, செவ்வாய்

மருந்துக்கடையில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கினேன். பிரிக்கவில்லை. வாங்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை, பார்க்கக்கூடாது என்றுதான் இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

இன்று கேன் நாள். காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு நாளைக் காலை வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். நாளை அதை மருத்துவமனையில் கொடுப்பேன். ஸ்டீராய்டா, இல்லையா என்பதை இந்தக் கேன் சொல்லும்.

நான் படித்த நாவல்களில் காசநோய்க்காரப் பெண்கள் நிறைய உண்டு. அழகாக இருமி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கடிதம் எழுதிவிட்டுச் சாவார்கள். சிறுநீரக நோய்க்காரி ஒருத்திகூட இல்லை. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனோடு எந்தக் கதாசிரியர் மல்லுக்கட்டுவார்?

கேனை அப்பா கண்ணில் படாமல் பெரிய வாளிக்குப் பின்னால் வைத்து மேலே பழைய துண்டைப் போட்டிருக்கிறேன். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். தெரியாதது போல வாளியை நகர்த்தாமல் குளிக்கிறார்.

மாலை காய்கறி வாங்கப் போனேன். அரைமணி நேரம். திரும்பி வந்தபோது வீடெங்கும் பினாயில் வாசனை. குளியலறைத் தரை பளபளவென்று இருந்தது. எறும்புக்கோடு அழிந்துபோயிருந்தது. காலையில்தானே கழுவினார்! எனக்கு அழுகையும் கோபமும் வந்தன.

"எதுக்குப்பா இப்ப போயி கழுவுனீங்க?"

"நீ வீட்ல இருந்தா எறும்பை விரட்ட விடமாட்டேங்குற. அதான் நீ வெளிய போன கேப்புல..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார். கைலி மாற்றியிருந்தார். "மழை வரும்போல இருக்குல்ல?" என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

கேன் வாளிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. மேலே வேறு துண்டு. மூடியை அவ்வளவு இறுக்கமாக நானா மூடினேன்? திறக்கவே கை வலித்தது.

அப்பாவுக்கு இன்று வயிறு சரியில்லையோ என்னவோ. நான் போக எழுந்திருக்கும் போதெல்லாம் அவர் உள்ளே இருக்கிறார். நான் வெளியே காலை மாற்றி மாற்றி நிற்கிறேன். "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வருகிறது.

ஜூன் 2, திங்கள்

செய்துவிட்டேன். செய்திருக்கக்கூடாது.

காலையில் கேனை மூடும் முன் ஸ்ட்ரிப்பைப் பிரித்து ஒரு முனையை நனைத்தேன். வெளிர்நீலமாக இருந்த சதுரம் கண்முன்னே பச்சையாகி, பழுப்பாகி, செங்கல் நிறத்துக்குப் போனது. சர்க்கரை. கொஞ்சநஞ்சமல்ல, டப்பாவில் போட்டிருந்த வண்ண வரிசையின் கடைசிக் கட்டம்.

எனக்கு நிஜ மாத்திரை.

கேனும் இதுவரை இவ்வளவு கனத்ததில்லை. சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்று படித்திருக்கிறேன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது.

ஜவுளிக்கடைப் பையில் கேனை வைத்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்னத்தா, பதனியா? எந்தப் பக்கத்து மரம்?"

"இல்லம்மா. டெஸ்ட்டுக்கு."

"அப்ப சரி" என்று கூடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜெசிந்தா சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டார்: "ஒரு சொட்டும் விடலையே? வேற எதுவும் கலக்கலையே? வீட்டுல சுகர் எதுவும் பாக்கலையே?"

மூன்றுக்கும் சேர்த்து ஒரே தலையாட்டல்.

ஜூன் 9, திங்கள்

புரதம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒன்றுக்குச் சற்று மேல். டாக்டர் முகம் மலர்ந்து பார்த்தது இதுவே முதல்முறை. "வெரி குட். கிட்னி கழிக்க வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்கு, அது மட்டும்தான் கணக்குல ஒட்டலை. வெயில் காலம், உடம்புல தண்ணி கொறைஞ்சிருக்கலாம். ஸ்டீராய்டு இப்ப வேணாம். செப்டம்பர்ல பாக்கலாம்." பிறகு என் காலைப் பார்த்தார். "கால் வீங்குதா?"

"பஸ்ல நின்னுக்கிட்டே போறேன் டாக்டர்."

வரும் வழியில் எனக்கு ஒரு மஞ்சள் சேலை எடுத்தேன். அப்பாவிடம், "நல்ல ரிசல்ட்ப்பா, மருந்து வேலை செய்யுது" என்றேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். "அப்படியா? அந்தக் கேன்ல பாத்துத்தான் சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, சரி. நல்லது" என்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

ஜூன் 14, சனி

எறும்புகள் பினாயிலை மன்னித்துத் திரும்பிவிட்டன. சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். காலையில் கண் இமை கனமாக இருந்தது. நேற்று நிறையப் படித்ததால்.

ஜூன் 22, ஞாயிறு

நான்கு நாள் திருநெல்வேலியில் நூலகப் பயிற்சி முடிந்து இன்று காலை வீடு வந்தேன். போவதற்கு முன் நானே குளியலறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வரும்போது ஈரமும் பாசியுமாக இருக்கக்கூடாதென்று.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். சுவரோரம் கோடு இருந்தது. முன்பு இருந்ததைவிடத் தடிமனாக.

முதலில் வழக்கமான சந்தோஷம்தான் வந்தது. முகத்தில் தண்ணீர் அடித்தேன். துண்டால் துடைக்கும்போது கை நின்றுவிட்டது.

நான்தான் இங்கே இல்லையே.

நான்கு நாளாக இந்த வீட்டில் நான் இல்லை. பிறகு யாருக்காக வந்திருக்கின்றன?

மீதி ஸ்ட்ரிப்பில் ஒன்றை எடுத்தேன். இந்தமுறை கேன் இல்லை. நான் மட்டும். நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிர்நீலம். காத்திருந்தேன். வெளிர்நீலம்தான். இன்னொன்றை எடுத்து நனைத்தேன். அதுவும் அப்படியே. நிறம் மாறாதா என்று ஒரு சதுரத்தை இவ்வளவு கெஞ்சிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மண்பானை, இடுப்பில் பிடித்துத் தைத்த பேண்ட், அழகரைப் பார்க்கப் போகாத கால்கள். எல்லாம் நான் கையால் தொட்டவை, தைத்தவை, நிரப்பியவை. இந்தப் பக்கங்களில் நானே எழுதிவைத்தவை.

அப்பா சமையலறையில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னைக்கு அந்தக் கேனுக்கு என்ன ஆச்சு?"

"எந்தக் கேனு?"

"பாத்ரூம்ல இருந்த கேன்."

"அதுவா? நல்ல கேன்தான்."

"அப்பா."

கல்லைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார். அந்தப் பக்கம் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"எறும்புக்குப் பினாயில் ஊத்துனேன். வாளியை நகட்டுனேன், கால் பட்டுருச்சு. மூடி லூசா இருந்துச்சுபோல. பாதிக்கு மேல சாஞ்சிருச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? ஒன்னோட... அதை... நான் கொட்டிட்டேன்னா? எப்புடிம்மா வாயில வரும்?"

"அப்புறம் எப்படி நெறைஞ்சது?"

நான் நகரவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலையிலருந்து பொறுப்பா சேத்துவச்சிருந்த. கொறைஞ்சா மறுபடி மொதல்லருந்து சேக்கணும், சிஸ்டரு வேற திட்டுவாங்கன்னு நீதான் ஒருதடவை சொன்ன. ட்ரிப்பு கட்டாச்சுன்னா இருக்குற வண்டிய எடுத்து ஓட்டிச் சமாளிக்கறதில்லையா, அந்த மாதிரி... தண்ணி ஊத்தலாம்னு பாத்தேன். கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயம். அதான்... எல்லாம் ஒரே ரத்தம்தானேன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். அப்பாவும் தப்பித்தோம் என்று சிரிக்கத் தொடங்கினார். நான் அழுகிறேன் என்பது அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"அந்த ரிசல்ட் என்னுது இல்லப்பா."

"நீ நல்லாருக்குன்னு சொன்னியே. சேலை எல்லாம் எடுத்தியே. நான் எப்புடி வாயத் தொறப்பேன்? நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். தூங்கலை பாப்பா. அன்னைலருந்து தூக்கமே இல்லை."

"நாளைக்கு நீங்களும் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க."

"எனக்கெதுக்கு? திட்டுறதுக்கா?"

"எறும்பு உங்களுக்கு வந்துருக்குப்பா."

கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

ஜூன் 23, திங்கள்

அப்பாவின் ரத்தச் சர்க்கரை முந்நூற்று நாற்பது. "எத்தனை மாசமா இப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "ஏப்ரல்லருந்து" என்று நான் சொன்னேன். எறும்பு வந்த மாதம். ஒரு நாளும் நான் கேட்காத மாதம்.

ஜெசிந்தா சிஸ்டரின் அறையில் கேன் கதையைச் சொன்னேன். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, "சிஸ்டர், நான் ஸ்ட்ரிப்பும் போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை. அதுல..." என்று தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேணாம். என்ன கலர் வந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லாதே. டாக்டர்கிட்டயும் சொல்லாதே. பாத்தேன்னு மட்டும் எழுதிக்கறேன். எங்களுக்குத் தெரிஞ்சா நாங்க உன்னைப் பாக்குற பார்வையே மாறிரும்மா."

"நான் இனி இந்த மாத்திரையைச் சாப்பிடணுமா?"

"கட்டாயம் இல்லை. எப்ப வேணும்னாலும் வெளிய போகலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வைத்தியம் எப்படியும் நடக்கும்."

"ஒருவேளை டம்மியா இருந்தா?"

சிஸ்டர் பேனாவை மூடினார். "டம்மி சாப்பிடுறவங்க யாருமே இல்லைன்னா, மருந்து சாப்பிட்டவங்க நல்லானது மருந்தாலதான்னு எப்படிச் சொல்லுவோம்? அவங்க சும்மா இருக்காங்கன்னு நெனைக்கிறியா? பாதி ஆராய்ச்சி அவங்க உடம்புலதான் நடக்குது."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூணு வாரம் போயிருக்கு. இப்ப வந்து சொன்னியே, செப்டம்பர்ல வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு மறுபடியும் கேன்.

வெளியே ஒச்சப்பன் அண்ணன் நின்றிருந்தார். "எறும்பு இன்னும் வருது தங்கச்சி! ஒங்களுக்கு?"

டீக்கடைக்காரர். நாள் முழுக்கச் சீனியை அள்ளிப் போட்ட கையும் கைலியுமாகத்தான் வீட்டுக்குப் போவார். அவர் கண்களில் இருந்த வெளிச்சம் ஏப்ரல் எட்டாம் தேதி என் கண்களில் இருந்ததேதான்.

"நான் பாக்கறதில்லைண்ணே" என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

கேன் வாளிக்குப் பின்னால் இல்லை. ஜன்னல் பக்கம் ஸ்டூலின் மேல் உயரத்தில் இருக்கிறது, துண்டு போர்த்தாமல். அதை அங்கே தூக்கிவைத்தவர் அப்பா. "இங்க இருந்தா யார் காலும் படாது" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஜூலை 5, சனி

புரதம் மூன்றுக்குப் பக்கத்தில். மார்ச்சில் இருந்ததைவிட அதிகம்.

இன்று முதல் ஸ்டீராய்டு.

ஜூலை 30, புதன்

முகம் உப்பிவிட்டது. நூலகத்தில் கௌசல்யா அக்கா, "என்ன அங்கை, கல்யாணக் களை வந்துருச்சு, கன்னமெல்லாம் பொதுபொதுன்னு!" என்று கிள்ள வந்தார். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் திறந்தேன். வந்தது வேறு.

"கிட்னியில பிரச்சினைக்கா. ஸ்டீராய்டு சாப்பிடறேன். அதான்."

அவருடைய கை என் கன்னத்தருகே அப்படியே நின்றது. பிறகு கிள்ளாமல் தடவிக் கொடுத்தது. மதியம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, "இதுல உப்பு எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். இவ்வளவுதானா? இதற்குத்தான் ஒரு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தேனா? ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இடைப் பரிசோதனை. புரதம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஒன்றரை. ஆனால் கிரியாட்டினின் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கொஞ்சம் தழும்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அது மூன்று வாரத்தால் வந்ததா, அதற்கு முன்பே விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டீராய்டால் எனக்கும் சர்க்கரை ஏறலாம், கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை நான் பாத்துக்கறேன் டாக்டர்."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராய்ச்சியில் ஒரு வருடம் முடியும் கேன். நாளை கொண்டுபோக வேண்டும். இட்லி ஊற்றினேன். அப்பாவுக்கு மூன்று, முன்பு ஏழு. மாத்திரை நேரத்தை அப்பா எங்கள் இருவருக்கும் சேர்த்து அறிவிக்கிறார்: "எட்டு மணி வண்டி கெளம்பப் போகுது, ஏறுறவங்க ஏறிக்கங்க." அவருடைய சர்க்கரை மாத்திரை, என் ஸ்டீராய்டு, கூடவே ஆராய்ச்சி மாத்திரை.

ஆராய்ச்சியை விட்டு நான் வெளியே வரவில்லை. ஸ்ட்ரிப்பின் நிறம் என்ன என்று யாரிடமும் சொல்லவுமில்லை, இனிச் சொல்லவும் மாட்டேன். ஆராய்ச்சி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி பார்ப்பேன். வெள்ளையாக, அழகாக, ஒன்றுமில்லாமல் இருக்கும். உசிலம்பட்டியில் ஒருவர் இதே நேரம் இதையே நம்பிக்கையோடு விழுங்கிக்கொண்டிருப்பார். நானும் விழுங்கிவிடுவேன்.

மனம் இன்னும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாளை என்ன வரும் என்று நூறு தடவை கணக்குப் போட்டாகிவிட்டது. ஸ்டூலின் மேல் கேன் பாதி நிறைந்திருக்கிறது. முழுக்க என்னுடையது. குறைவாக இருந்தாலும் என்னுடையது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா டார்ச்சோடு குளியலறைக்குள் போனார். தினமும் காலையும் மாலையும் போகிறார். மூலை மூலையாக வெளிச்சம் அடித்து, குனிந்து, சுவரோரம் பார்ப்பார். பிறகு பேருந்து நிலையத்துக்கே கேட்பது போன்ற அந்தப் பழைய மைக் குரலில் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் கேட்கும்படி சொல்வார். கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு இப்போது இல்லை.

"பாப்பா! ஒன்னுதுக்கும் வரலை, என்னுதுக்கும் வரலை. ஒரு எறும்புகூட இல்லை!"